ஓ.இ.டி. கடிதத்தில் எந்தச் சொற்றொடர்கள் கைகொடுக்கும், எவை காலை வாரும்?

கேள்வி இது. மார்த்தாண்டத்தில் இருந்து தினமும் களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போகிற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், இங்கிலாந்துக்குப் போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதப் போகிறார். கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றும் மாதிரித் தேர்வுகளில் நன்றாக வருகின்றன. எழுத்து மட்டும் 290, 300 என்று நிற்கிறது. "மனப்பாடம் பண்ணி எழுதுவதற்கு நல்ல வாக்கியங்கள் ஒரு ஐம்பது தாருங்கள்" என்கிறார்.

ஐம்பது வேண்டாம். இருபது, இருபத்தைந்து சட்டகங்கள், அதாவது விவரத்தை நிரப்பிக்கொள்ளும் வாக்கிய அச்சுகள், போதும். ஆனால் எதை மனப்பாடம் செய்வது என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைக் கற்கும் முன் ஒரே ஒரு சோதனை வையுங்கள்: நோயாளி யாராக இருந்தாலும் ஒரு சொல்லும் மாற்றாமல் இதை எழுதிவிட முடியுமா? முடியும் என்றால் அது இடத்தை அடைக்கிற வாக்கியம், விட்டுவிடுங்கள். நோயாளியின் விவரம் உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் முழுமையாகும் என்றால் அதை மனப்பாடம் செய்யுங்கள். இங்குள்ள கோச்சிங் வகுப்புகள் பலவற்றில் கொடுக்கிற தயார்க் கடிதங்கள் முதல் வகை வாக்கியங்களால் நிரம்பியவை. மதிப்பெண் 300 பக்கத்திலேயே நிற்பதற்குப் பல பேருக்கு அதுதான் காரணம்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உங்கள் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துக்கூட்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று தெளிவாகட்டும். எழுத்துப் பகுதி 45 நிமிடம். முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸ் (நோயாளியைப் பற்றிய குறிப்புகள்) வாசிக்க மட்டும், பிறகு 40 நிமிடம் எழுத. கடிதத்தின் உடல் பகுதி ஏறக்குறைய 180 முதல் 200 சொற்கள். பெரும்பாலும் ரெஃபரல் கடிதம், அதாவது நோயாளியை வேறொருவரின் கவனிப்புக்கு அனுப்பும் கடிதம். டிஸ்சார்ஜ், டிரான்ஸ்ஃபர் கடிதங்களும் வரும். ஆறு அளவுகோல்களில் திருத்துவார்கள்: நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், வகையும் நடையும், ஒழுங்கும் அமைப்பும், மொழி. நோக்கத்துக்கு 3 வரை, மற்ற ஐந்துக்கும் 7 வரை. ஆறில் மொழி என்று தனியாக இருப்பது ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அழகான ஆங்கிலம் மட்டும் எழுதி இந்தத் தேர்வைத் தாண்ட முடியாது. கடிதத்தைப் பெறுகிறவருக்கு என்ன தேவையோ அதை அவர் தேடாமல் கண்டுபிடிக்க வேண்டும்.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. பி கிரேடு 350-ல் தொடங்குகிறது, சி பிளஸ் 300-ல். இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. எழுத்துக்கு மட்டும் சி பிளஸ் போதும் என்று ஏற்கிறது. மற்ற மூன்றிலும் பி வேண்டும். ஆகவே உங்களுக்கு வேண்டியது 300-ஐ ஒட்டி நடுங்கிக்கொண்டு நிற்காத எழுத்து. 330, 340 என்று பயிற்சியில் வந்தால் தேர்வறைப் பதற்றத்திலும் 300-க்குக் கீழே போகாது. வேறு நாட்டுக்கு மனசு மாறினால் அந்த நாட்டுக் கவுன்சிலின் விதியை அவர்கள் தளத்திலேயே பாருங்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன.

இனிச் சொற்றொடர்கள். தொடக்கம்தான் கடிதத்தின் தலை. டியர் டாக்டர் அல்லது டியர் மிஸ்டர் இன்னார், அதன் கீழே 'ரீ' போட்டு நோயாளியின் பெயரும் பிறந்த தேதியோ வயதோ. பிறகு முதல் வாக்கியம்: 'ஐ ஆம் ரைட்டிங் டு ரெஃபர்' என்று தொடங்கி, யார், என்ன நிலை, உங்களிடம் என்ன வேண்டும் என்ற மூன்றும் அதிலேயே வந்துவிட வேண்டும். 72 வயது மிசஸ் பிரவுன் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் வீடு திரும்புகிறார், வீட்டுக்கு வந்து கவனிக்கும் கம்யூனிட்டி நர்ஸுக்குக் கடிதம் என்று வைத்துக்கொள்வோம்.

'ஐ ஆம் ரைட்டிங் டு ரெஃபர் மிசஸ் பிரவுன், ஹூ இஸ் ரெக்கவரிங் ஃப்ரம் எ ரைட் ஹிப் ரிப்ளேஸ்மென்ட் அண்ட் நௌ ரிக்வயர்ஸ் வூண்ட் கேர் அண்ட் ஹெல்ப் வித் ஹெர் இஞ்செக்‌ஷன்ஸ் அட் ஹோம்.'

இந்த ஒரு வாக்கியத்தில் நோக்கம் என்ற அளவுகோலின் பாதி முடிந்தது. மீதிப் பாதி, அதே கோரிக்கையைக் கடைசிப் பத்தியில் விரித்துச் சொல்வது. முதலில் சொன்ன கோரிக்கையும் கடைசியில் விரிக்கிற கோரிக்கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முதலில் காயப் பராமரிப்பு என்று சொல்லிவிட்டுக் கடைசியில் டயட் பற்றி மட்டும் கேட்டால், வாசிக்கிறவருக்குக் குழப்பம், உங்களுக்கு மதிப்பெண் இழப்பு.

நோய் இன்னும் உறுதியாகாமல் டாக்டருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் 'ஹூ ஹேஸ் பிரெசென்டட் வித் சிம்டம்ஸ் சஜஸ்டிவ் ஆஃப்' என்ற சட்டகம் பொருந்தும். நர்ஸ் நோயைத் தீர்மானித்ததாக ஆகாது, சந்தேகம் எதில் என்றும் தெரியும். அவசரம் இருந்தால் 'ஃபார் அர்ஜென்ட் அசெஸ்மென்ட்' என்று முதல் வாக்கியத்திலேயே போடுங்கள். அவசரத்தைக் கடைசிப் பத்திக்கு ஒத்திவைப்பது பெரிய தவறு.

'ரெஸ்பெக்டட் சர்', 'வித் டியூ ரெஸ்பெக்ட்', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' எல்லாம் நம் ஊர் அலுவலக ஆங்கிலம். பஞ்சாயத்து ஆபீஸுக்கு எழுதும் மனுவில் அவை மரியாதை. இந்தக் கடிதத்தில் நடை தவறு. 'த அபவ்-மென்ஷன்ட் பேஷன்ட்' என்பதும் வேண்டாம். முதல் தடவை 'மிசஸ் பிரவுன்', அடுத்து 'ஷி', பத்தி மாறும்போது மறுபடி 'மிசஸ் பிரவுன்'. அவ்வளவுதான்.

அடுத்தது நோயாளியின் பின்னணி. இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள். "பத்து வருஷமாட்டு சுகர் உண்டு" என்று மனசில் ஓடுவதை அப்படியே மாற்றி 'ஷி இஸ் ஹேவிங் சுகர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். மூன்று பிழை ஒரே வரியில். உடையது என்ற பொருளில் 'ஹேவ்' வரும்போது 'ஹேவிங்' ஆகாது. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய ஆண்டுக்குத்தான் 'சின்ஸ்'. 'சுகர்' நோயின் பெயரும் அல்ல. ஆகவே 'ஷி ஹேஸ் ஹேட் டைப் 2 டயபடீஸ் ஃபார் டென் இயர்ஸ்', அல்லது 'ஷி வாஸ் டயக்னோஸ்டு வித் டைப் 2 டயபடீஸ் இன் 2014'. இந்த இரண்டு சட்டகங்களையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள். மூன்றாவது 'ஷி ஹேஸ் எ ஹிஸ்டரி ஆஃப் ஹைப்பர்டென்ஷன்'. நான்காவது 'ஷி இஸ் அலர்ஜிக் டு பெனிசிலின்'. மருந்துக்கு 'ஹேஸ் பீன் டேக்கிங்' அல்லது 'இஸ் கரண்ட்லி டேக்கிங்'.

'எ ஹிஸ்டரி ஆஃப்' என்பதில் முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் அப்படி ஒன்றைக் கட்டாயமாகப் போட வேண்டியதில்லை என்பதால் நமக்கு அது காதில் விழுவதே இல்லை. விதி படித்து இதைச் சரிசெய்ய நாளாகும். தொடராகக் கற்றால் தானாக வரும்: 'எ ஃபால்', 'எ ஃப்ராக்சர்', 'எ வாக்கிங் ஃபிரேம்', 'எ ரிவ்யூ அப்பாயின்ட்மென்ட்', 'த வூண்ட்', 'த பெயின்'. ஆனால் 'அட்மிட்டட் டு ஹாஸ்பிட்டல்', 'டிஸ்சார்ஜ்டு ஃப்ரம் ஹாஸ்பிட்டல்' என்பவற்றில் ஒன்றும் வராது. 'அட்மிட்டட் இன்' என்று எழுதும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடலாம்.

எழுவாய் விடுபடுவது அடுத்த பெரிய சிக்கல். கேஸ் நோட்ஸில் 'லிவ்ஸ் அலோன். சன் விசிட்ஸ் வீக்லி. மொபைல் வித் ஃபிரேம்' என்று துண்டு துண்டாக இருக்கும். நம் பேச்சும் அப்படித்தான். "தனியாட்டு இருக்காங்க" என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்து, கடிதத்திலும் எழுவாய் இல்லாத வரிகள் வந்து விழும். நோட்ஸின் துண்டுகளை இணைத்து முழு வாக்கியமாக்குவதுதான் இந்தத் தேர்வின் முக்கியமான கைவேலை: 'மிசஸ் பிரவுன் லிவ்ஸ் அலோன், ஆல்தோ ஹெர் சன் விசிட்ஸ் வீக்லி, அண்ட் ஷி இஸ் ஏபிள் டு மொபிலைஸ் வித் எ வாக்கிங் ஃபிரேம்.' மூன்று துண்டு, ஒரு வாக்கியம்.

காலத்தைக் காட்டும் தொடர்கள் எளிது, ஆனால் குறிப்பாக இருக்க வேண்டும். 'ஆன் அட்மிஷன்', 'ஆன் எக்ஸாமினேஷன்', 'டியூரிங் ஹெர் ஹாஸ்பிட்டல் ஸ்டே', 'ஃபாலோயிங் ஸர்ஜரி', 'த்ரீ டேஸ் லேட்டர்', 'ஆன் டிஸ்சார்ஜ்'. இவற்றில் மூன்றோ நான்கோ ஒரு கடிதத்துக்குப் போதும். ஒவ்வொரு விசிட்டின் தேதியையும் வரிசையாக ஒப்பிக்காதீர்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவே நிலை மாறியிருந்தால்தான் அந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும். 'டுடே' எழுதலாம், ஆனால் கடிதத்தின் தேதி எதுவோ அதுதான் 'டுடே'. அதை முதலில் சரிபாருங்கள்.

மாற்றத்தைச் சொல்ல 'ஹேஸ் இம்ப்ரூவ்டு', 'ஹேஸ் டிடீரியரேட்டட்', 'ரிமெய்ன்ஸ் ஸ்டேபிள்', 'இஸ் நௌ ஏபிள் டு'. எண் மாறியிருந்தால் 'இன்க்ரீஸ்டு ஃப்ரம் … டு'. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தால் ஒவ்வோர் எண்ணையும் எழுதாமல் 'ஹெர் வைட்டல் சைன்ஸ் ஆர் வித்தின் நார்மல் லிமிட்ஸ்' என்று முடித்துவிடுங்கள். இது எந்த நோயாளிக்கும் பொருந்துமே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் பத்து எண்களை இது மிச்சப்படுத்துகிறது. வேலை செய்கிற வாக்கியத்துக்கு இடம் உண்டு.

நம் ஆஸ்பத்திரிச் சொற்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் நோயாளியுடன் துணைக்கு இருப்பவரை 'பைஸ்டாண்டர்' என்கிறோம். பாஸில்கூட அப்படித்தான் அடித்திருக்கும். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு, விபத்து நடந்த இடத்தில் சும்மா நின்று பார்த்தவர் என்றுதான் பொருள். கடிதத்தில் 'ஹெர் டாட்டர்' என்று உறவைச் சொல்லுங்கள், அல்லது 'ஹெர் கேரர்'. 'காஷுவல்டி' பழைய வழக்கு. 'எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்' நல்லது. 'ஷிஃப்டட் டு ஐ.சி.யூ.' வேண்டாம், 'டிரான்ஸ்ஃபர்டு டு'. 'லூஸ் மோஷன்' என்பது 'டயரியா' ஆகட்டும், 'கிடினெஸ்' என்பது 'டிஸினெஸ்' ஆகட்டும், 'பிரஷர் உண்டு' என்பது 'ஹைப்பர்டென்ஷன்'. சக நர்ஸை 'சிஸ்டர்' என்று எழுதாதீர்கள். அங்கே அது வார்டுக்குப் பொறுப்பான மூத்த நர்ஸின் பதவி. இவை எல்லாம் நாம் தினமும் கையாளும் ஆங்கிலச் சொற்கள் என்பதால்தான் தவறு என்று சந்தேகமே வராது. உங்கள் வார்டில் ஒரு நாள் காதில் விழும் இப்படிப்பட்ட சொற்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் நல்ல ஆங்கில அகராதியில் பாருங்கள். தேர்வுக்கு மட்டும் அல்ல, அங்கே போன பிறகு ஷிஃப்ட் மாற்றத்தில் ஹேண்டோவர் சொல்லும்போதும் உதவும்.

யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் சொல் மாறும். டாக்டருக்கோ நர்ஸுக்கோ என்றால் மருத்துவச் சொற்கள் தாராளமாக வரலாம். சோஷியல் ஒர்க்கருக்கோ, நோயாளியின் மகளுக்கோ என்றால் 'ஹைப்பர்டென்ஷன்' என்பதே 'ஹை பிளட் பிரஷர்' ஆக வேண்டும். 'பி.டி.', 'டி.டி.எஸ்.' போன்ற சுருக்கங்களை யாருக்கு எழுதினாலும் 'ட்வைஸ் டெய்லி', 'த்ரீ டைம்ஸ் எ டே' என்று விரிப்பதே பாதுகாப்பு.

சொன்னதைக் கேட்காத நோயாளியைப் பற்றி எழுதும்போது தீர்ப்பு சொல்லாதீர்கள். 'ஹீ இஸ் ஸ்டபர்ன்', 'கேர்லெஸ்' என்பவை நடையில் அடி வாங்கும். 'ஹீ ஹேஸ் பீன் ரிலக்டன்ட் டு', 'ஹீ டிக்லைன்ட்', 'ஹீ ஃபைண்ட்ஸ் இட் டிஃபிகல்ட் டு' என்று எழுதினால் நடந்ததும் தெரியும், மரியாதையும் இருக்கும். காரணம் நோட்ஸில் இருந்தால் சேர்த்துவிடுங்கள்: 'டியூ டு காஸ்ட்', 'டியூ டு நாசியா'. அடுத்து பார்க்கப் போகிறவர் அதை வைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும்.

இணைப்புச் சொற்களில் நான்கு போதும்: 'ஹௌஎவர்', 'ஆல்தோ', 'டெஸ்பைட்', 'அஸ் எ ரிசல்ட்'. 'ஃபர்தர்மோர்', 'மோர்ஓவர்', 'இன் எ நட்ஷெல்' போன்றவை ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பொது ஆங்கிலத் தேர்வின் கட்டுரை வகுப்பில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. மருத்துவக் கடிதத்தில் இடித்துக்கொண்டு நிற்கும். 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் மறுபடி 'பட்' வரக்கூடாது. 'டெஸ்பைட்' உடன் 'ஆஃப்' சேராது, அதன் பின்னால் முழு வாக்கியமும் வராது, பெயர்தான் வரும்: 'டெஸ்பைட் எஜுகேஷன் ஆன் ஃபுட் கேர், ஹீ கன்டின்யூஸ் டு வாக் பேர்ஃபுட்.' பத்தி மாறும் இடத்தில் 'வித் ரிகார்ட் டு ஹெர் மெடிகேஷன்' என்று தொடங்கினால் தலைப்புப் போட்டது மாதிரி தெளிவு கிடைக்கும். 'ரிகார்ட்ஸ்' என்று பன்மை ஆக்கிவிட வேண்டாம். இதையும் ஒரு கடிதத்தில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

கடைசிப் பத்தி கோரிக்கை. 'இட் வுட் பி அப்ரிஷியேட்டட் இஃப் யூ குட்' என்ற சட்டகம் நல்லது, ஆனால் அதன் பின்னால் வரும் வினைச்சொல்லில்தான் உயிர். 'டூ த ஃபர்தர் மேனேஜ்மென்ட்' என்று மழுப்பாதீர்கள். மானிட்டர், அசெஸ், ரிவ்யூ, அட்மினிஸ்டர், ரீஇன்ஃபோர்ஸ், என்கரேஜ், அரேஞ்ச் என்ற ஏழு வினைகளை ஆளப் பழகுங்கள். மிசஸ் பிரவுனுக்கு இப்படி வரும்:

'இட் வுட் பி அப்ரிஷியேட்டட் இஃப் யூ குட் மானிட்டர் த வூண்ட் ஃபார் சைன்ஸ் ஆஃப் இன்ஃபெக்‌ஷன் அண்ட் ரிமூவ் த கிளிப்ஸ் ஆன் 14 மார்ச். ப்ளீஸ் ஆல்சோ அட்மினிஸ்டர் ஹெர் டெய்லி எனாக்ஸாபாரின் இஞ்செக்‌ஷன், அஸ் ஷி ஃபைண்ட்ஸ் இட் டிஃபிகல்ட் டு செல்ஃப்-இஞ்செக்ட்.'

எதை, எப்போது, ஏன் என்ற மூன்றும் இருக்கின்றன. 'ப்ளீஸ்' போட்டு நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'வுட் பி அப்ரிஷியேட்டட்' என்று திரும்பத் திரும்ப எழுதுவதுதான் சலிப்பு. நோயாளிக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பதைத் தெரிவிக்க 'ஷி ஹேஸ் பீன் அட்வைஸ்டு டு' வரும். அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்கு எழுத்துக்கூட்டில் 'சி', வினைச்சொல்லுக்கு 'எஸ்'. கணினித் தேர்விலும் பிழை திருத்தி கிடையாது என்பதால் கவனம்.

'இஃப் யூ ஹேவ் எனி குவரீஸ், ப்ளீஸ் டூ நாட் ஹெசிடேட் டு கான்டாக்ட் மீ' என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். தவறு இல்லை, ஆனால் 12 சொற்கள். 'ப்ளீஸ் கான்டாக்ட் மீ வித் எனி குவரீஸ்' என்றால் 6. மிச்சமான 6 சொற்களில் ஒரு அலர்ஜியைச் சொல்லிவிடலாம். பெயர் சொல்லி டியர் போட்டிருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி', 'டியர் சர் ஆர் மேடம்' என்றால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. கீழே 'ரெஜிஸ்டர்டு நர்ஸ்' என்று பொறுப்பை எழுதுங்கள்.

எதை விடுவது என்பதும் சொற்றொடர் அளவுக்கு முக்கியம். நோட்ஸில் இருப்பதெல்லாம் கடிதத்துக்கு உரியது அல்ல. வேண்டாததைச் சேர்த்தால் சுருக்கம் என்ற அளவுகோலில் குறையும். நோயாளியின் தோட்டப் பொழுதுபோக்கு டாக்டருக்குத் தேவையில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் போகும் தெரபிஸ்டுக்குத் தேவைப்படலாம். 5 நிமிட வாசிப்பில் எழுத முடியாது என்பதால் முதலில் நோட்ஸின் கடைசியில் இருக்கும் பணியை வாசியுங்கள்: யாருக்கு, எதற்கு என்று அங்கேதான் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே இருந்து வாசித்தால் எது தேவை என்று தானாகப் பிரியும். பிறகு 40 நிமிடத்தில் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்த 7, எழுத 25, திரும்பப் பார்க்க 8.

பயிற்சிக்குத் தனி நேரம் கிடைக்கவில்லை என்பது ஷிஃப்ட் வேலையில் நியாயமான கவலை. ஒவ்வொரு டூட்டியிலும் நர்ஸஸ் நோட்ஸ் ஆங்கிலத்தில்தானே எழுதுகிறீர்கள்? வீட்டுக்கு வரும் பஸ்ஸில், பெயரும் அடையாளமும் இல்லாமல், அதில் நினைவிருக்கும் மூன்று துண்டு வரிகளை ஒரு முழு வாக்கியமாக்கிப் பாருங்கள். வாரம் இரண்டு முழுக் கடிதம் கடிகாரம் வைத்து எழுதினால் போதும். நாளுக்கு ஒன்று எழுதி யாரும் திருத்தாமல் போவதைவிட, இரண்டு எழுதி இரண்டையும் திருத்தி வாங்குவது மேல். பக்கத்தில் பயிற்சி தேடுகிறீர்கள் என்றால், திருவனந்தபுரத்தில் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா நடத்தும் அயல்மொழி நிறுவனத்தில் ஓ.இ.டி. வகுப்பு உண்டு. சேர்க்கைத் தகுதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசி 8 நிமிடத்தில் கடிதத்தை ஒரே தடவை எல்லாவற்றுக்குமாக வாசிக்காதீர்கள். மூன்று தடவை, மூன்று காரணத்துக்காக வாசியுங்கள். முதல் தடவை உண்மை: பெயர், வயது, தேதி, மருந்தின் அளவு நோட்ஸோடு ஒத்துப்போகிறதா, 'ஷி' என்று தொடங்கி நடுவில் 'ஹீ' ஆகிவிட்டதா. இரண்டாவது வினைச்சொல்: ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் இருக்கிறதா, 'ஹேவிங்', 'சின்ஸ்' எங்காவது ஒளிந்திருக்கிறதா. மூன்றாவது முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும்: அங்கே கேட்டதும் இங்கே கேட்டதும் ஒன்றுதானா.